சிபைத்தானுக்குப் பங்களிக்க லாப்டாப்பைத் தயார் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வாட்ஸ்அப்பில் வரும் ஸ்கிரீன்ஷாட்டுகள் பெரும்பாலும் ஒரே ரகம். கறுப்பு டெர்மினலில் நாலு வரி எரர், கீழே "அக்கா, இது ஏன் வருது?". திறந்த மூலத்துக்குப் பங்களிக்க ஆசைப்பட்டு, மூல நிரலை இறக்கி, பில்ட் செய்வதற்குள் (அதாவது, அந்த நிரலை ஓடக்கூடிய வடிவமாக மாற்றுவதற்குள்) சலித்துப்போனவர்கள் இவர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். எடுத்துக்கொண்ட திட்டம் சிபைத்தான், அதாவது நாம் தினமும் ஓட்டும் அந்த பைத்தானேதான். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டைப் செய்ய வேண்டிய வடிவம் எழுத்துப் பிசகாமல் பைத்தானின் 'டெவ்கைடு' வழிகாட்டியில் இருக்கிறது. அதை ஒரு பக்கம் திறந்து வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

இத்தனை திட்டங்கள் இருக்க, ஏன் சிபைத்தான்?

அளவு. பயர்பாக்ஸை முழுதாக பில்ட் செய்ய அதன் லினக்ஸ் வழிகாட்டி 30 ஜிபி காலியிடம் கேட்கிறது. சிபைத்தான் சுமாரான லாப்டாப்பிலும் டீ ஆறுவதற்குள் பில்ட் ஆகிவிடும். இன்னொன்று, பைத்தான் தெரிந்தவர்கள் நம்மிடையே நிறைய. ஸ்டாண்டர்டு லைப்ரரியின் பெரும்பகுதி பைத்தானிலேயே எழுதப்பட்டது என்பதால் சி மொழி வராதவருக்கும் அங்கே வேலை இருக்கிறது. இங்கே பழகும் ஃபோர்க் (உங்கள் கணக்கில் ஒரு பிரதி எடுப்பது), பில்ட், டெஸ்ட், புல் ரிக்வெஸ்ட் (உங்கள் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்பது) வரிசை மற்ற திட்டங்களிலும் ஏறக்குறைய இதுவேதான்.

பழைய யூடியூப் பாடத்தில் மெர்க்கூரியல் என்கிறார்கள். பேட்ச் கோப்பை பக் டிராக்கரில் ஏற்றச் சொல்கிறார்கள். அதுவா, இதுவா?

அந்தப் பாடத்தை மூடிவிடுங்கள். சிபைத்தானின் மூல நிரல் 2017 பிப்ரவரியில் மெர்க்கூரியலிலிருந்து கிட்டுக்கும் (இரண்டுமே நிரல் மாற்றங்களின் வரலாற்றைப் பதியும் கருவிகள்), அப்படிப் பதிந்ததை இணையத்தில் வைக்கும் கிட்ஹப்புக்கும் மாறியது. பிழைப் பட்டியலும் (அதில் ஒவ்வொரு பதிவும் ஓர் 'இஷ்யூ') 2022 ஏப்ரலில் கிட்ஹப்புக்கே வந்துவிட்டது. 'மாஸ்டர்' என்ற முதன்மைக் கிளையின் பெயர் 2021-லிருந்து 'மெயின்'. பாடத்தில் 'மாஸ்டர்' என்று காதில் விழுந்தாலே அது எந்தக் காலத்துச் சரக்கு என்று தெரிந்துவிடும்.

என்னுடையது 4 ஜிபி ரேம் லாப்டாப். ஓடுமா?

ஓடும். பில்ட் வேலையைச் செய்யும் 'மேக்' கட்டளைக்கு எத்தனை வேலைகளை ஒரே சமயத்தில் செய்யலாம் என்று ஜே என்ற கொடியோடு (கட்டளைக்குப் பின்னால் சேர்க்கும் குறிப்பு) ஓர் எண் கொடுப்போம். அதில் 2 போடுங்கள். எல்லா கோரையும் முடுக்கிவிட்டு, பக்கத்திலேயே குரோமில் இருபது டேப் திறந்து வைத்தால் கணினி திணறத்தான் செய்யும். வட்டில் நாலைந்து ஜிபி காலி இருந்தால் கவலையில்லை.

விண்டோஸ்தான் இருக்கிறது. லினக்ஸ் போட்டே ஆக வேண்டுமா?

வேண்டாம், இரண்டு வழி உண்டு. விஷுவல் ஸ்டூடியோவை நிறுவும்போது பைத்தான் டெவலப்மென்ட் பகுதியையும் அதன் கீழுள்ள நேட்டிவ் டெவலப்மென்ட் கருவிகளையும் டிக் செய்யுங்கள். பிறகு 'பிசிபில்ட்' கோப்புறையில் உள்ள 'பில்ட்.பேட்' கோப்பை டிபக் (பிழை தேடும்) முறையில் ஓட்டினால் ஓப்பன்எஸ்எஸ்எல் போன்ற துணைச் சாமான்களை அதுவே இறக்கிக்கொண்டு பில்ட் செய்யும். விண்டோஸில் மட்டும் வரும் பிழைகளைப் பார்க்க ஆள் குறைவு. விண்டோஸ்காரர்களுக்கு அது நல்ல வாய்ப்பு.

இன்னொரு வழி டபிள்யூஎஸ்எல், விண்டோஸுக்குள்ளேயே ஓர் உபுண்டு லினக்ஸ். இதில் நான் பார்க்கும் தவறு ஒன்றே ஒன்று. ரெப்போவை (மூல நிரல் உள்ள களஞ்சியத்தை) சி டிரைவில் வைத்துவிட்டு லினக்ஸ் பக்கமிருந்து பில்ட் செய்வார்கள். இரண்டு கோப்பு முறைகளுக்கு நடுவே ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள் போய்வருவதால் எல்லாமே ஊர்ந்து போகும். லினக்ஸ் பக்கத்து ஹோம் கோப்புறைக்குள் குளோன் செய்யுங்கள், அதாவது இறக்குங்கள். ஒரே கோப்புறையை இரண்டு பக்கமிருந்தும் தொடவே தொடாதீர்கள். வரி முடிவுக் குறியும் கோப்பு அனுமதியும் குழம்பிவிடும்.

பில்ட் செய்வதற்கு முன்னால் என்னென்ன நிறுவ வேண்டும்?

உபுண்டுவிலும் டெபியனிலும் 'ஆப்ட்' கருவிக்கு 'பில்ட்-டெப்' என்று ஒரு வசதி உண்டு. பைத்தான்3-ஐ பில்ட் செய்யத் தேவையான எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் கொண்டுவந்து தரும். புதிதாக நிறுவிய கணினியில் அதைப் போட்டதும் 'டெப்-எஸ்ஆர்சி முகவரி எதுவும் இல்லையே' என்ற பொருளில் ஒரு எரர் வரும். மூலப் பொதிகளின் பட்டியல் அணைந்து கிடக்கிறது, அவ்வளவுதான். உபுண்டு 24.04-இல் 'உபுண்டு.சோர்சஸ்' கோப்பைத் திறந்து, 'டைப்ஸ்' என்று தொடங்கும் வரியில் 'டெப்' என்பதற்குப் பக்கத்தில் ஓர் இடைவெளி விட்டு 'டெப்-எஸ்ஆர்சி' சேருங்கள். ஆப்ட் அப்டேட் கொடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

ஆப்பிளின் மேக் கணினியில் எக்ஸ்கோடின் கட்டளைக் கருவிகள் போதும், முழு எக்ஸ்கோடு தேவையில்லை. ஓப்பன்எஸ்எஸ்எல், எக்ஸ்இசட் போன்றவற்றை ஹோம்பிரூ வழியாக எடுத்துக்கொள்ளலாம்.

ஃபோர்க், குளோன், ஆரிஜின், அப்ஸ்ட்ரீம்... தலை சுற்றுகிறது.

மூன்று பிரதிகள் இருக்கின்றன என்று மட்டும் மனதில் வையுங்கள். பைத்தான்காரர்களின் ரெப்போ ஒன்று, அதில் உங்களுக்கு எழுதும் உரிமை கிடையாது. கிட்ஹப்பில் 'ஃபோர்க்' அழுத்தினால் உங்கள் கணக்கில் ஒரு பிரதி உண்டாகும். அதை லாப்டாப்புக்கு இறக்கினால் மூன்றாவது. லாப்டாப்பிலிருந்து பார்க்கும்போது உங்கள் கணக்கில் இருப்பதற்கு 'ஆரிஜின்' என்று பெயர். மூல ரெப்போவுக்கு 'அப்ஸ்ட்ரீம்' என்ற பெயரை நீங்களேதான் 'கிட் ரிமோட் ஆட்' கொடுத்துச் சேர்க்க வேண்டும். புதியவை அப்ஸ்ட்ரீமிலிருந்து வரும், உங்கள் மாற்றங்கள் ஆரிஜினுக்குப் போகும்.

முழு வரலாற்றோடு இறக்கினால் சில நூறு எம்பி ஆகும். மொபைல் டேட்டாவில் இருப்பவர்கள் 'டெப்த் 1' கொடுத்துக் கடைசி நிலையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பின்னால் வைஃபை கிடைக்கும்போது 'அன்ஷாலோ' சொல்லி மீதியை நிரப்பினால் போகிறது.

புஷ் செய்தால் (மாற்றத்தைக் கிட்ஹப்புக்கு அனுப்பினால்) பாஸ்வேர்டு கேட்கிறது. சரியாகத்தான் கொடுக்கிறேன், ஏற்க மறுக்கிறது!

2021 ஆகஸ்ட் 13 முதல் கிட்ஹப் டெர்மினலில் கணக்கின் பாஸ்வேர்டை ஏற்பதில்லை. டோக்கன் எடுங்கள், அல்லது எஸ்எஸ்ஹெச் சாவி உண்டாக்கி அதன் பொதுப் பாதியைக் கணக்கில் சேருங்கள். ஒரு தடவை செய்தால் தீர்ந்தது என்பதால் நான் சாவியையே சொல்வேன்.

கல்லூரி அல்லது அலுவலக வைஃபையில் எஸ்எஸ்ஹெச் தொங்கிக்கொண்டே நின்றால் 22-ஆம் போர்ட்டை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கிட்ஹப் அதே எஸ்எஸ்ஹெச்சை 443-ஆம் போர்ட்டிலும் தருகிறது. எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக் கோப்பில் மூன்று வரி மாற்றினால் வேலை நடக்கும்.

சரி, பில்ட் எப்படி?

லினக்ஸிலும் மேக்கிலும் இரண்டே படி. ரெப்போ கோப்புறைக்குள் போய் 'கான்ஃபிகர்' ஸ்கிரிப்ட்டை 'வித்-பைடீபக்' கொடியோடு ஓட்டுங்கள். அது உங்கள் கணினியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து 'மேக்ஃபைல்' எழுதும். பிறகு 'மேக்'. டிபக் கொடி போட்டால் பைத்தான் மெதுவாகத்தான் ஓடும். ஆனால் உள்ளே இருக்கும் எல்லாச் சரிபார்ப்புகளும் விழித்திருக்கும், நீங்கள் சி பக்கம் தவறு செய்தால் அந்த இடத்திலேயே கத்தும். நமக்கு வேண்டியது அதுதான்.

முடிந்ததும் புள்ளி, சாய்கோடு, பைத்தான் என்று டைப் செய்தால் உங்கள் பைத்தான் திறக்கும். முதல் வரியில் பதிப்பு எண்ணுக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 'ஹெட்ஸ்', 'மெயின்', அதையடுத்து ஒரு கமிட் (பதிந்த மாற்றம்) எண் தெரிகிறதா? அப்படியென்றால் ஓடுவது நீங்கள் பில்ட் செய்ததேதான். புள்ளியையும் சாய்கோட்டையும் விட்டுவிட்டு வெறுமனே பைத்தான் என்று டைப் செய்து, கணினியோடு வந்த பழைய பைத்தானை ஓட்டிவிட்டு "என் மாற்றம் வேலை செய்யல" என்று அரை நாள் தேடியவர்கள் உண்டு. அந்தப் பட்டியலில் நானும் ஒருத்தி.

மேக்கில் பில்ட் ஆனது. ஆனால் 'பைத்தான்' கோப்பைக் காணோம், 'பைத்தான்.இஎக்ஸ்இ' என்று விண்டோஸ் கோப்பு மாதிரி ஒன்று இருக்கிறது. ஏதாவது தப்பா?

தப்பே இல்லை. மூல நிரலில் ஏற்கெனவே 'பைத்தான்' என்ற பெயரில், முதல் எழுத்துப் பெரிதாக, ஒரு கோப்புறை இருக்கிறது. மேக்கின் கோப்பு முறை வழக்கமாகப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பேதம் பார்ப்பதில்லை. ஒரே இடத்தில் அதே பெயரில் ஒரு கோப்பும் ஒரு கோப்புறையும் இருக்க முடியாது என்பதால் பின்னொட்டு ஒட்டிப் பெயரைப் பிரித்திருக்கிறார்கள். அதையே ஓட்டுங்கள்.

'மேக்' கட்டளையின் முடிவில் சில மாட்யூல்கள் கிடைக்கவில்லை என்று பட்டியல் வருகிறது. பில்ட் தோற்றுவிட்டதா?

இல்லை. அந்த மாட்யூல்களுக்கு வேண்டிய வெளி லைப்ரரியின் ஹெடர் கோப்புகள் உங்களிடம் இல்லை என்று பொருள். 'டிகிண்டர்' இல்லாவிட்டால் சன்னல் வரையும் நிரல்கள் மட்டும் ஓடாது, அதை விட்டுத்தள்ளலாம். 'சிடைப்ஸ்' காணோம் என்றால் 'லிப்எஃப்எஃப்ஐ' பொதியின் 'டெவ்' வடிவத்தை நிறுவுங்கள். 'எஸ்எஸ்எல்' இல்லாமல் பைத்தான் பொதிகளை நிறுவும் கருவியான பிப்பால் எதையும் இறக்க முடியாது, எனவே அதைச் சரிசெய்தே ஆக வேண்டும். பொதியை நிறுவியபின் 'மேக்' மட்டும் போட்டுவிட்டு "மாறவே இல்லை" என்பார்கள். என்ன இருக்கிறது என்று தேடிப் பார்ப்பது கான்ஃபிகர்தானே? அதையும் மறுபடி ஓட்டுங்கள்.

'மேக் இன்ஸ்டால்' போடட்டுமா?

கூடாது! பில்ட் செய்த இடத்திலிருந்தே ஓட்டலாம், நிறுவவே தேவையில்லை. நிறுவினால் 'யூஎஸ்ஆர் லோக்கல்' கீழே போய் உட்காரும். டெர்மினல் பொதுவாக முதலில் தேடுவது அங்கேதான் என்பதால், கணினியின் மற்ற ஸ்கிரிப்ட்டுகள் உங்கள் அரைகுறை டிபக் பைத்தானைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக விழும். பிப்பில் ஏதாவது நிறுவிச் சோதிக்க வேண்டுமென்றால் உங்கள் பைத்தானைக் கொண்டே ரெப்போவுக்கு வெளியே ஒரு 'வென்வ்' (தனித்த பைத்தான் சூழல்) உண்டாக்குங்கள்.

சூழல் தயார் என்று எப்போது சொல்லலாம்? டெஸ்ட் பாஸ் ஆனாலா?

பில்ட் ஆனது, டெஸ்ட் பச்சையாக வந்தது என்பதை மட்டும் நான் ஏற்பதில்லை. மூல நிரலில் நீங்கள் மாற்றிய ஒன்றை ஓடும் பைத்தானில் கண்ணால் பார்த்துவிட வேண்டும். எந்த இஷ்யூவையும் எடுப்பதற்கு முன்னால் இதைச் செய்யச் சொல்வேன்.

'ஆப்ஜெக்ட்ஸ்' கோப்புறையில் 'லாங்ஆப்ஜெக்ட்' என்ற சி கோப்பு. பைத்தானின் முழு எண்கள் அங்கேதான் வாழ்கின்றன. அதில் 'லாங் ட்ரூ டிவைட்' என்ற ஃபங்ஷனைத் தேடுங்கள். ஒற்றைச் சாய்கோடு போட்டு வகுக்கும்போது ஓடுவது இது. உள்ளே 'டிவிஷன் பை ஜீரோ' என்ற செய்தி மேற்கோள்களுக்குள் இருக்கும். அதை அழித்து 'பூச்சியத்தால் வகுக்காதே' என்று தமிழிலேயே எழுதுங்கள். சேமித்து, மேக் கொடுங்கள். மாறியது ஒரே கோப்பு என்பதால் முழு பில்ட் அளவுக்கு நேரம் எடுக்காது. பைத்தானைத் திறந்து ஒன்றைப் பூச்சியத்தால் வகுத்துப் பாருங்கள். ஜீரோ டிவிஷன் எரர், அதன் பக்கத்தில் உங்கள் தமிழ் வரி! அந்த இடத்தில் பைத்தான் எதிர்பார்ப்பது யூடிஎஃப்-8 என்பதால் தமிழ் எழுத்து உடையாமல் வரும்.

இப்போது 1.0-ஐப் பூச்சியத்தால் வகுங்கள். பழைய ஆங்கிலச் செய்திதான் வரும். ஏன்? தசம எண்களின் வகுத்தல் 'ஃப்ளோட்ஆப்ஜெக்ட்' கோப்பில் தனியாக இருக்கிறது. இரட்டைச் சாய்கோடு போட்டாலும் உங்கள் தமிழ் வராது, அது வேறு ஃபங்ஷன். ஒரு வரி மாற்றத்தில் பைத்தானின் உள்கட்டு கொஞ்சம் பிடிபடுகிறது பாருங்கள். ஆசை தீர்ந்ததும் 'கிட் ரிஸ்டோர்' கொடுத்துப் பழையபடி ஆக்கிவிடுங்கள். தமிழ்ச் செய்தியோடு புல் ரிக்வெஸ்ட் அனுப்பிவிடாதீர்கள், சிரிப்பார்கள்.

டெஸ்ட் எல்லாவற்றையும் ஓட்ட வேண்டுமா? ஏகப்பட்ட நேரம் ஆகிறது.

ஒரே ஒரு தடவை, எதையும் மாற்றாத மெயின் கிளையில், முழுதாக ஓட்டுங்கள். ஓடவிட்டு சாப்பிடப் போங்கள். அப்போதே ஒன்றிரண்டு விழுந்தால் அவற்றின் பெயரைக் குறித்து வையுங்கள். அது உங்கள் நெட்வொர்க்கோ மொழி அமைப்போ செய்த வேலையாக இருக்கும். பின்னால் அதே பெயர் விழும்போது உங்கள் மாற்றத்தைக் குற்றம் சொல்லித் தேடி அலைய வேண்டியதில்லை. 'ஸ்கிப்' என்று வருவது தோல்வி இல்லை. சில டெஸ்ட்டுகள் இணையம், ஒலி, திரை என்று தனி அனுமதி கேட்பவை.

அதன்பிறகு தினசரி வேலைக்குச் சம்பந்தப்பட்ட டெஸ்ட் கோப்பை மட்டும் பெயர் சொல்லி ஓட்டினால் போதும். முழுதாக ஓட்டுவதை கிட்ஹப்பின் சர்வர்கள் பார்த்துக்கொள்ளும்.

எந்த எடிட்டர் நல்லது?

கை பழகியது எதுவானாலும். ஆனால் சேமிக்கும்போது தானாக ஒழுங்குபடுத்தும் வசதியை இந்த ரெப்போவுக்கு மட்டும் அணைத்துவிடுங்கள். இரண்டு எழுத்து திருத்தப் போன ஒருவரின் மாற்றம் நூற்றுக்கணக்கான வரிகளாக வீங்கியதைப் பார்த்திருக்கிறேன். எடிட்டர் அந்தக் கோப்பின் இடைவெளிகளையெல்லாம் தன் இஷ்டத்துக்கு அடுக்கிவிட்டது. ரிவியூ செய்பவர் அதற்குள் உங்கள் இரண்டு எழுத்தைத் தேட மாட்டார்.

சி மொழி எனக்குச் சுத்தமாக வராது.

'லிப்' கோப்புறைக்குப் போங்கள், அங்கே இருப்பதெல்லாம் பைத்தான். அதில் மாற்றினால் பெரும்பாலும் மறுபில்ட்கூட வேண்டாம், சேமித்து ஓட்டினாலே தெரியும். 'டாக்' கோப்புறை ஆவணங்களுடையது. அங்கே 'மேக் ஹெச்டிஎம்எல்' போட்டால் முழு ஆவணமும் பில்ட் ஆகும், அதை உங்கள் பிரவுசரில் திறந்து பார்க்கலாம். ஆவணத் திருத்தம் இளப்பமான வேலை என்று நினைப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. புரியாமல் எழுதப்பட்ட பத்தியைப் புதிதாக வந்தவரால்தான் கண்டுபிடிக்க முடியும், பழகியவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

இஷ்யூவை என் பெயருக்கு ஒதுக்கித் தரச் சொல்லிக் கேட்டேன், பதிலே இல்லை.

சிபைத்தானில் அப்படி ஒதுக்கித் தரும் வழக்கம் இல்லை. இஷ்யூவின் கீழே ஏற்கெனவே ஒரு புல் ரிக்வெஸ்ட் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தொடங்கிவிடுங்கள். 'ஈசி' என்ற லேபிள் ஒட்டியவை புதியவர்களுக்கானவை, ஆனால் வேகமாகப் பறிபோகும்.

அனுப்பியதும் ரோபோக்கள் வரிசையாக வந்து திட்டுகின்றன.

பெரும்பாலும் மூன்று குறைகள்தான். தலைப்பு 'ஜிஹெச்', சிறுகோடு, இஷ்யூ எண், முக்காற்புள்ளி என்று தொடங்க வேண்டும். பயனர்கள் உணரக்கூடிய மாற்றமென்றால் 'பிளர்ப்' கருவியால் ஒரு செய்திக் குறிப்பு சேர்க்க வேண்டும். மூன்றாவது, பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்து.

இந்த மூன்றாவதில்தான் நிறையப் பேர் சிக்குகிறார்கள். "கையெழுத்துப் போட்டுவிட்டேன், இன்னும் சிவப்பாகவே இருக்கிறது" என்பார்கள். ரோபோ பார்ப்பது கமிட்டில் பதிந்திருக்கும் மின்னஞ்சலை. லாப்டாப்பின் கிட் அமைப்பில் அலுவலக முகவரி இருந்து, கையெழுத்து சொந்த முகவரியில் இருந்தால் அதற்கு நீங்கள் இரண்டு ஆட்கள். ஆகவே முதல் கமிட்டுக்கு முன்பே 'யூசர்.இமெயில்' என்ன என்று பாருங்கள். அந்த முகவரி உலகம் பார்க்கும்படி வரலாற்றில் நிலைத்துவிடும். வேண்டாம் என்றால் கிட்ஹப் தரும் 'நோரிப்ளை' முகவரியைப் போடலாம்.

ரிவியூவில் திருத்தம் சொன்னால் புதிய கமிட்டாகச் சேருங்கள், 'ஃபோர்ஸ் புஷ்' வேண்டாம். கடைசியில் எல்லாவற்றையும் அவர்களே ஒரே கமிட்டாக நசுக்கித்தான் சேர்ப்பார்கள். வரலாற்றை நீங்கள் அழகுபடுத்தப் போனால், போன தடவை எதுவரை படித்தோம் என்று ரிவியூ செய்பவருக்குத் தெரியாமல் போகும்.

இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தேன். எதுவும் பில்ட் ஆகவில்லை.

அப்ஸ்ட்ரீமிலிருந்து மெயினைப் புதுப்பித்து, 'மேக் டிஸ்ட்கிளீன்' கொடுத்து, கான்ஃபிகரிலிருந்து தொடங்குங்கள். பழைய பில்ட்டின் மிச்சம் புது நிரலோடு ஒட்டாது. மெயினில் நேரடியாக கமிட் செய்து வைத்திருந்தால் புதுப்பிக்கும்போதே முட்டும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் தனிக் கிளை என்று அதனால்தான் நச்சரிக்கிறேன்.

எரரை ஏஐயிடம் ஒட்டிக் கேட்கலாமா?

தாராளமாக. ஆனால் 'சூடோ' (நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டு என்று பொருள்) என்று தொடங்கும் கட்டளை தந்தால், அது என்ன செய்யும் என்று உங்களுக்கே புரியும்வரை ஓட்டாதீர்கள். நிரலை எழுதியது ஏஐ என்றாலும் ரிவியூவில் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

லாப்டாப்பே இல்லை, கல்லூரி லேப்தான்.

கிட்ஹப் கோடுஸ்பேசஸில் பிரவுசரிலேயே செய்யலாம், டெவ்கைடில் அதற்குத் தனிப் பகுதி இருக்கிறது. இலவச நேரத்துக்கு மாத வரம்பு உண்டு. எழுந்து போகும்போது நிறுத்திவிட்டுப் போங்கள்.

எல்லாம் வேண்டாம் என்று தோன்றினால் எப்படி நீக்குவது?

ரெப்போ கோப்புறையை அழியுங்கள். வென்வ் உண்டாக்கியிருந்தால் அதையும். மேக் இன்ஸ்டால் போடாதவருக்கு வேலை அத்தோடு முடிந்தது. போட்டவர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பட்டும், பார்க்கலாம்.